பேட்டரியின் நெற்றி

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. எழுதச் சொன்னவன் நிதின். திருப்பதியில், பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட நூல்கள் போடும் சிறு பதிப்பகம் ஒன்றில் வேலை செய்கிறான். ஆந்திராவில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு கதைத் தொகுப்பு போடுகிறார்கள். போனில் சொன்னான்:

"சார், உங்களுக்கு எலக்ட்ரிசிட்டி. சிம்பிள் சர்க்யூட். செல்லு, வயரு, சுவிட்ச்சு, பல்பு, நாலும் வந்துடணும்."

"எனக்கு இலக்கியம்தான்பா தெரியும்."

"அதான் சார் உங்களுக்குக் குடுத்தேன். தெரிஞ்சவங்க எழுதினா யாருக்கும் புரிய மாட்டேங்குது."

முதல் வரி இப்படி அமைந்தது: "மின்சாரம் என்பது மனித குலத்தின்"

நிறுத்திவிட்டேன். மனித குலம் என்று தொடங்குகிற எதையும் எட்டாம் வகுப்பு படிக்காது. நானும் படிக்க மாட்டேன்.

அடுத்தது: "குழந்தைகளே, நான்தான் எலக்ட்ரான் பேசுகிறேன்!" எலக்ட்ரான் பேசாது. பேசினாலும் குழந்தைகளே என்று கூப்பிடாது.

அதற்கும் அடுத்தது: "தாட்சாயணிக்கு அன்று காலையிலிருந்தே வயிற்றைக் கலக்கியது."

இதை வைத்துக்கொண்டேன். மின்சாரம் புரியாதவர்களுக்கும் வயிறு புரியும்.

2

தாட்சாயணி அறிவியல் டீச்சர். விஜயபுரம் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஒரு ஊரில், உயர்நிலைப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் வேலை. நிரந்தரம் இல்லை, ஆண்டுக்காண்டு நீட்டிக்கிற வேலை. இந்த ஆண்டு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. தமிழ்ப் பிரிவுக்கு என்று தனியாக ஓர் அறிவியல் டீச்சர் எதற்கு? அந்த ஒரு பாடத்துக்குப் பிள்ளைகளைத் தெலுங்குப் பிரிவோடு உட்காரவைத்தால் என்ன? பார்த்து முடிவு சொல்ல சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். ஒரே ஒரு வகுப்பைப் பார்ப்பார். அது நன்றாகப் போனால் அவள் இருப்பாள். இல்லாவிட்டால் இல்லை.

(முதல் வரைவில் அவளைக் கைம்பெண் ஆக்கியிருந்தேன். பின்னால் வரப்போகிற ஒரு காட்சிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைப்பு. நிதின் படித்துவிட்டு, "ஒரு பல்பு எரியறதுக்கு ஒருத்தர் சாகணுமா சார்?" என்றான். கணவனை உயிர்ப்பித்துவிட்டேன். பெயர் கேசவன். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. இனி இந்தக் கதையில் அவனுக்கு ஒன்றும் இல்லை. தூங்கட்டும்.)

3

முந்தின நாள் ஒத்திகை. ஒரு மரப்பலகை. அதன் மேல் ஒரு டார்ச் செல், ஒரு சின்ன பல்பு, ஒரு சுவிட்ச். செல்லின் தலையில் புறப்பட்டு, சுவிட்ச் வழியாக, பல்பு வழியாக, செல்லின் அடிக்கே திரும்பி வருகிற வயர். சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. இத்தோடு பாடம் முடிந்திருக்கும், முதல் பெஞ்சில் ஹர்ஷினி இல்லாவிட்டால்.

"டீச்சர், பல்பு கொஞ்சம் கரண்ட்ட துன்னுட்டு மிச்சத்ததான திருப்பி அனுப்பும்?"

"துன்னாது. எவ்ளோ உள்ள போச்சோ அவ்ளோவும் வெளிய வரும்."

"அப்போ செல்லு எப்டி டீச்சர் தீந்துபோவுது?"

இங்கே நான் எழுதுவதை நிறுத்தவேண்டி வந்தது. கேட்டது ஹர்ஷினி, பதில் எனக்கும் தெரியவில்லை. உங்களில் பாதிப் பேருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். இந்த இடத்தில்தான் நாமெல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வாழ்க்கையில் முன்னேறினோம்.

புத்தகங்கள் தண்ணீர்க் குழாயைக் காட்டுகின்றன. இந்தப் பக்கத்து ஊர்களில் அது செல்லாது. தண்ணீர் போர்க் கிணற்றிலிருந்து வரும், கால்வாயில் ஓடும், வேர்க்கடலைக்குள் போகும். திரும்பி வந்து போருக்குள் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. குழாய் உவமையை நம்பிய பிள்ளை, பல்பு கரண்டைத் தின்கிறது என்றுதான் நினைக்கும். ஹர்ஷினியின் மேல் தப்பில்லை.

தாட்சாயணி என்னைவிட வேகம்.

"புத்தூரு பஸ்ஸு நம்ம ஊருக்கு வருது. ஜனம் இறங்குது. அப்பால பஸ்ஸு இன்னா ஆவுது?"

"திரும்பிப் போவுது டீச்சர்."

"எவனாச்சும் பஸ்ஸ வூட்டுக்கு எடுத்துனு போறானா?"

"எங்க மாமா ஒரு வாட்டி சைடு கண்ணாடிய எடுத்துனு வந்துச்சு டீச்சர்," என்றான் யஸ்வந்த், பின் பெஞ்சிலிருந்து.

"உங்க மாமாவ அப்பறம் பாத்துக்கலாம். பஸ்ஸுதான் கரண்ட்டு. அதுல வர ஜனந்தான் சக்தி. பல்புகிட்ட ஜனம் இறங்கிடுது, வெளிச்சம் வருது. பஸ்ஸு அப்டியே திரும்பிடுது. செல்லு ஜனத்த ஏத்தி ஏத்தி அனுப்பிக்கினே இருக்குது. ஏத்தறதுக்கு ஜனம் இல்லன்னா?"

"செல்லு காலி," என்றாள் ஹர்ஷினி.

"நடுவுல ரோட்ட வெட்டிட்டா?"

"பஸ்ஸு ஓடாது."

"எந்த எடத்துல வெட்டினா?"

"எங்க வெட்டினாலும்!" இது வகுப்பு மொத்தமும்.

சுவிட்ச் என்பது நாமே வெட்டி வைத்திருக்கிற ரோடு. வேண்டும்போது வெட்டின இடத்தை மூடிச் சேர்க்கிறோம். பாடம் இவ்வளவுதான்.

(எலக்ட்ரான்கள் உண்மையில் எதிர்த்திசையில், செல்லின் அடியிலிருந்து தலைக்குப் போகின்றன என்று ஒரு வரி போடச் சொன்னான் நிதின். போட்டாயிற்று.)

(பிள்ளைகளுக்கு: இதையெல்லாம் டார்ச் செல்லோடு மட்டும் செய்யுங்கள். சுவரில் இருக்கிற பிளக்கோடு செய்தால் இது வேறு வகைக் கதையாகிவிடும்.)

அன்று மாலை செல்லைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். பலகையில் விட்டுவைத்தால் யஸ்வந்த் போட்டுப் போட்டு அணைப்பான்.

4

தலைமையாசிரியர் வெங்கடரமணன் தெலுங்குக்காரர். தமிழும் பேசுவார், இரண்டையும் ஒரே மூச்சில். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. தாட்சாயணி இருக்கவேண்டும் என்று அந்தப் பள்ளியில் ரொம்பவும் வேண்டிக்கொண்டவர் அவர்தான். அதனால்தான் வினை.

மறுநாள் காலை ஒரு தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம்.

"கொத்த சாமானும்மா, புதுசு. பூஜை பண்ணாம ஆரம்பிக்கக் கூடாது."

தாட்சாயணிக்கு இது விசித்திரமாகப் படவில்லை. அந்தப் பக்கத்தில் புதிதாக வந்த எதுவும் பொட்டு இல்லாமல் வேலைக்குப் போவதில்லை. போர் மோட்டார், பைக், ஜெராக்ஸ் மெஷின், கேசவன் வாங்கிய வாஷிங் மெஷின். செல்லை டிராயரிலிருந்து எடுத்துப் பலகையின் ஓரத்தில் நிற்கவைத்தாள். பலகைக்கு ஒரு பொட்டு. சுவிட்ச் பெட்டிக்கு ஒரு பொட்டு. பல்பின் கண்ணாடிக்கு, மோதிர விரலால், சின்னதாக ஒன்று.

செல்லிடம் வந்ததும் விரல் ஒரு நொடி நின்றது. மோட்டாருக்கு முன்பக்கம் உண்டு. பைக்குக்கு ஹெட்லைட் உண்டு. உருளையாக நிற்கிற ஒரு செல்லுக்கு நெற்றி எது? உச்சியில் மட்டும் குமிழாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. விரல் தானாக அங்கே போனது.

"கொஞ்சம் தாராளமா வைம்மா," என்றார் வெங்கடரமணன்.

தாராளமாக வைத்தாள்.

அவள் திருப்பதியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். இயற்பியல் அந்த விரல் வரைக்கும் இறங்கியிருக்கவில்லை. பொட்டு காய்ந்த பிறகு செல்லைப் பக்குவமாக எடுத்து, பொட்டு கலையாமல், அதன் இடத்தில் பொருத்தினாள். கலையாமல் பொருத்தியதுதான் பெரிய தப்பு.

5

அதிகாரி கடைசி பெஞ்சில், யஸ்வந்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. நெற்றியில் குங்குமம், நன்றாகப் பெரிதாக. வெங்கடரமணன் வாசல் பக்கம் நின்றார்.

தாட்சாயணி பஸ் கதையைச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

எரியவில்லை.

அணைத்துப் போட்டாள். எரியவில்லை. பல்பைத் திருகி இறுக்கினாள். வயரின் முனைகளைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று எரிந்த பல்பு. நேற்று ஓடிய செல்.

"கரண்ட் லேதா?" என்றார் அதிகாரி. கரண்ட் இல்லையா என்று. கேலியா அக்கறையா, குரலில் தெரியவில்லை.

அவளுக்குக் காது சூடேறியது. இங்கே "அவள் கண்கள்" என்று ஒரு வாக்கியம் தொடங்கி விட்டுவிட்டேன். அவள் அழவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"பஸ்ஸு நின்னுபோச்சு. ரோடு எங்கியோ வெட்டியிருக்குது. எங்கன்னு கண்டுபிடிங்க."

பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்தார்கள். வயர் சரி. சுவிட்ச் சரி. பல்பின் உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. ஹர்ஷினி குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில், செல்லைப் பார்த்தாள். செல்லின் குமிழுக்கும் அதைத் தொடவேண்டிய தகட்டுக்கும் நடுவே சந்தனம் காய்ந்து ஓடாக உட்கார்ந்திருந்தது. தகடு உலோகம், கரண்டை விடும். குமிழ் உலோகம், அதுவும் விடும். சந்தன ஓடு விடாது. இது தெரிய எம்.எஸ்சி. வேண்டாம்.

"டீச்சர்," என்றாள் மெதுவாக. "பொட்டு."

தாட்சாயணிக்குப் புரிந்தது. வெங்கடரமணனுக்கும் புரிந்தது. அவர் அவசரமாகப் பக்கத்தில் வந்தார்.

"ஒத்தம்மா, வேணாம். வெச்ச பொட்டை நம்ம கையாலயே அழிக்கிறதா? அதுவும் அவர் முன்னாடி? அவர் நெத்தியைப் பாத்தியா?"

பார்த்தாள்.

(வேறு செல் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இருந்தால் எனக்குக் கதை இல்லை.)

6

நிதினுக்கு அனுப்பிய முடிவு: பொட்டைத் துடைக்கிறாள், பல்பு எரிகிறது, அதிகாரி எழுந்து கைதட்டுகிறார். "சூப்பர் சார்," என்றான். எனக்கு உறுத்தியது. அதிகாரிகள் எழுந்து கைதட்டி நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து தட்டியும் பார்த்ததில்லை.

இன்னொன்று எழுதினேன். "செல்லு வீக்கா இருக்குது சார், மன்னிச்சுக்கோங்க," என்கிறாள். அதிகாரி தலையசைக்கிறார், டீ வருகிறது, வேலை நீட்டிக்கப்படுகிறது. டீச்சர் பொய் சொன்னதை வகுப்பு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சர்க்யூட்டுக்கு வேண்டியவை செல், வயர், சுவிட்ச், பல்பு, மூடிய வாய் என்று ஹர்ஷினி கற்றுக்கொள்கிறாள். இதுதான் நிஜத்தில் நடக்கும் என்று நினைக்கிறேன். துணைப்பாட நூலில் போட மாட்டார்கள்.

வெங்கடரமணனே வந்து தன் துண்டால் துடைப்பதாகவும் ஒன்று உண்டு. ஆசைப்பட்டு நீளமாக எழுதினேன். அவர் செய்ய மாட்டார். செய்தால் அவர் வேறொருவர்.

"சார், 'வாசகரே, சுவிட்ச் உங்க கைல'ன்னு முடிச்சிடலாமா?" என்று கேட்டான் நிதின். போனை வைத்துவிட்டேன்.

7

எனக்கு உறுதியாகத் தெரிந்தது வரைக்கும் சொல்கிறேன்.

தாட்சாயணி செல்லைக் கழற்றினாள். வெங்கடரமணன் பக்கம் திரும்பாமல், "தப்பா நெனச்சுக்காதீங்க சார். வெச்சது நானு. தப்பான எடத்துல வெச்சுட்டேன்," என்றாள். கட்டை விரல் நகத்தால் சுரண்டினாள். சந்தனம் செதிலாக மேசையில் உதிர்ந்தது. முந்தானையால் குமிழைப் பளபளவென்று தேய்த்தாள். வெங்கடரமணன் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி பெஞ்சில் யஸ்வந்த் வாயைப் பொத்திக்கொண்டான். செல்லைத் திரும்பப் பொருத்தினாள்.

"இப்போ எரியும்," என்றாள் வகுப்பைப் பார்த்து. "பாத்துக்கினே இருங்க."

எரியும். அதில் எனக்கு அதிகாரமே இல்லை. நான் எரிய வேண்டாம் என்று எழுதினாலும் எரியும். வெங்கடரமணனின் சம்மதமோ நிதினின் ஒப்புதலோ அதற்கு வேண்டாம்.

எனக்குத் தெரியாதது கடைசி பெஞ்சில் இருக்கிற ஆள். அவர் வாயில் "பேஷ்" என்று வைத்துப் பார்த்தேன். "ஏமிட்டிம்மா இதி", என்னம்மா இது, என்று வைத்துப் பார்த்தேன். இரண்டையும் துப்பிவிட்டார். நெற்றியில் அத்தனை பெரிய குங்குமம் வைத்த ஒருவர், வைத்த பொட்டு ஒன்று துடைக்கப்படுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பாடம் என்று நினைப்பாரா, திமிர் என்று நினைப்பாரா? அவரோடு எனக்குப் பழக்கம் இல்லை. உங்களுக்கு இருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பார், உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பார். அவரை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பல்பு எரிந்த அந்த நேரத்தில் அவர் எழுந்து மேசைக்கு வருகிறார் என்று தொடங்கலாம். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஹர்ஷினி கையைத் தூக்கிவிட்டாள். அவளுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது, தமிழில். அதற்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.