வெள்ளை வேட்டியும் லோட்டேயின் குளியலும்

விலங்குப் பூங்காவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது? ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் ஆராயும் ராகவ் அப்படித்தான் வந்து நின்றான். முதல் நிகழ்ச்சியாம், மங்களகரமாக இருக்கட்டுமாம்.

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கவலையும். யானைகளின் நடத்தையை ஆராய்கிறவள் அவள். பழைய சமஸ்கிருத நூல்கள் சொல்லும் யானையைப் பற்றி அவனும், அறிவியல் சொல்லும் யானையைப் பற்றித் தானும் பேசுவது என்பது அவளுடைய யோசனைதான். கூட்டம் ரசித்தால் ஞாயிறுதோறும் பேசலாம், அவள் ஆராய்ச்சியும் இங்கேயே தொடரலாம் என்று பூங்காவின் இயக்குநர் பெக்கர் அம்மையார் சொல்லியிருந்தார். ரசிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலிக்கு அப்பால் லோட்டே என்ற கிழட்டு யானை அப்போதுதான் குளித்து முடித்துப் பளபளவென்று நின்றது. ராகவ் ஜெர்மனில் வெளுத்து வாங்கினான். மதநீர் என்றான், அதை மொய்க்கும் வண்டுகள் என்றான். கூட்டம் கொட்டாவி விட்டது. பிள்ளைகள் பெற்றோரை ஐஸ்கிரீம் கடைப் பக்கம் இழுக்கத் தொடங்கினார்கள்.

யானை குளித்த கையோடு புழுதியை வாரித் தன்மேல் போட்டுக்கொள்ளும், அதனால் வீண் வேலைக்கு யானைக் குளியலையே உவமையாகச் சொன்னார்கள் என்று அவன் விளக்கும்போது, லோட்டேயின் தும்பிக்கை மணலைத் துழாவுவதை நிருஷா கண்டாள்.

"ராகவ் அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ!"

"ஒரு நிமிஷம் நிருஷா, மெயின் பாயிண்ட்டே இதுதான்."

இத்தனை காலம் இதையே படித்தவனுக்கு, குளித்த யானை ஒன்று தன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பது உறைக்கவில்லையே! பொத்தென்று விழுந்தது மணல். பாதி லோட்டேயின் முதுகில், மீதி ராகவின் வேட்டியில்.

எல்லாம் போச்சு என்று நிருஷா தலையில் கைவைத்தாள். ராகவ் தலையை உதறினான். "பார்த்தீர்களா, புலவர்கள் பொய் சொல்லவில்லை!" என்று ஜெர்மனில் முழங்கினான்.

சிரிப்பு வெடித்தது. நிருஷா விடுவாளா? ஒரு பிடி மணலை அள்ளித் தன் கையில் பூசிக் காட்டினாள். புலவர்கள் கண்டதில் பிழையில்லை, வீண் என்றதுதான் பிழை. ஈரத் தோலில் ஒட்டும் இந்த மண்தான் வெயிலும் பூச்சியும் அண்டாமல் யானை பூசிக்கொள்ளும் கிரீம் என்றாள். அவ்வளவுதான், பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு மணலை அள்ளிப் பூசினார்கள்.

பெக்கர் அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஞாயிறுதோறும் நடத்தலாமாம். ஒரே நிபந்தனை: அதே வேட்டி, அதே இடம்.

"அப்போ இதைத் துவைக்கிறதே வேஸ்ட்டா?" என்றான் ராகவ் பரிதாபமாக.

"இல்லை அண்ணா, வடிவாத் தோய்ச்சுக் கட்டிக்கொண்டு வாங்கோ. வெள்ளையா இருந்தாத்தானே மண் விழுறது சனத்துக்குத் தெரியும்!"