வலி இல்லாத நாளில் எடுத்த படம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைக்கத் தெம்பில்லை. என் தங்கை கேட்டாள், எழுதுகிறேன். ஸ்கேன் மையத்தில் மூளையைப் படமெடுக்கிற வேலை அவளுக்கு. அவளுக்கே ஒற்றைத் தலைவலி. வந்துவிட்டால் வெளிச்சம் தாங்காமல் ஜன்னலை மூடி, கண்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கிடப்பாள். மையத்தின் மேலாளர் சொல்லிவிட்டாராம்: "இன்னொரு தடவ இப்படி லீவு போட்டீங்கன்னா வேற ஆளத்தான் பாக்கணும்மா. டாக்டர் சீட்டு யாரு வேணா வாங்கலாம். நம்ம மெஷின்லயே உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துச்சே?"

"நீதான் எழுதறவளாச்சே," என்றாள் என்னிடம். "எனக்கு என்ன ஆகுதுன்னு அந்த மனுஷனுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுக்கா. இந்த வேலைய விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

2

தொடக்கம் ஒன்று: அவள் தலைக்குள் ஒரு புயல்... (வேண்டாம். புயலுக்கு லீவு விடுவார்கள், தலைவலிக்கு விடமாட்டார்கள்.)

தொடக்கம் இரண்டு: மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்தன, அதனால் அவளுக்கு வலித்தது.

இதைப் போனில் படித்துக் காட்டினேன்.

"அது பழைய கதைக்கா. ரொம்ப காலம் ரத்தக் குழாய் மேலேயே பழியப் போட்டாங்க. குழாய் விரிஞ்சும் வலிக்காம இருக்கு, விரியாமலும் வலிக்குது."

"அப்போ யாருதான்டி குத்தவாளி?"

"நரம்பு. மூளையச் சுத்தி ஒரு உறை இருக்குல்ல, அங்க இருக்கற நரம்பு முனைங்க ஒரு ரசாயனத்தக் கக்கும். அது குழாயையும் விரிக்கும், வலிச் சேதியையும் பெருசாக்கி அனுப்பும்."*

* அந்த ரசாயனத்தின் பெயரையும் சொன்னாள். சரக்கு ரயில் நீளத்துக்கு இருந்தது. கதாபாத்திரங்களுக்கே பெயர் வைக்க முடியாமல் திண்டாடுகிறவள் நான், விட்டுவிட்டேன்.

வலிக்கு முன்னால் சிலருக்கு நடப்பதையும் சொன்னாள். மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை மெல்ல ஊர்ந்து போகுமாம். போகிற வழியில் ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் கூடி, பிறகு வெகுநேரம் குறைந்து கிடக்கும். அப்போது கண்ணோரத்தில் கோணல்மாணலாக வெளிச்சம் ஓடும். இவ்வளவும் நடந்து முடிந்து, மூளை ஒன்றுமே தெரியாததுபோல் பழையபடி ஆகிவிடும். மூளைக்குச் சொந்தமாக வலியே கிடையாது என்பது கூடுதல் கொடுமை. வலிப்பதெல்லாம் உறைக்கும் அதிலிருக்கிற குழாய்களுக்கும்தான்.

3

இப்போது அந்தப் படம். ஸ்கேன் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலை துளி ஆடினாலும் படம் கலங்கிவிடும். இயந்திரமோ காதைப் பிளக்கும். அதனால் வலியில் துடிக்கிறவரைத் திருப்பி அனுப்புவார்கள்: "கொறஞ்சதும் வாங்க." என் தங்கையும் அப்படி எத்தனையோ பேரை... [இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.]

தன் முறை வந்தபோதும் அதையே செய்தாள். வலி விட்ட மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு, சிரித்த முகத்தோடு போய்ப் படுத்தாள். கூட வேலை செய்பவள் துளிக் கலங்கல் இல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

(வலிக்கிற நாளில் எடுத்திருந்தாலும் வழக்கமான படத்தில் அநேகமாக ஒன்றும் தெரிந்திருக்காது என்கிறாள். கட்டியோ கசிவோ இருந்தால் காட்டும். நரம்பு கக்கியதைக் காட்டாது. இது தெரிந்தும் ஏன் போய்ப் படுத்தாய் என்று கேட்டேன். "பயந்தான்க்கா," என்றாள். எனக்கு அழுகை வந்தது.)

4

முடிவுகள்.

அ. மேலாளருக்கே ஒற்றைத் தலைவலி வருகிறது, மனிதர் திருந்துகிறார். "எதிரிக்குக்கூட வேண்டாங்கா," என்றாள்.

ஆ. அந்த ரசாயனத்தைத் தடுக்கிற புது மருந்து வருகிறது, அவள் குணமாகிறாள். "வந்துடுச்சுக்கா. சில பேருக்கு நல்லா கேக்குது. எனக்குப் பாதிதான் கேட்டிருக்கு. பொய் எழுதாத."

இ. அவளை வேலையிலிருந்து... இதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

5

இன்று காலை போன் செய்தாள்.

"அக்கா, கண்ணோரத்துல ஆரம்பிச்சிடுச்சு."

"பேசாம லீவு போடுடி."

"போட்டா வேலை போயிடும். எழுதின வரைக்கும் அனுப்பு. வலி வர்றதுக்குள்ள அவர் கையில குடுத்துடறேன்."

ஆகவே கதை இங்கேயே நிற்கிறது. எனக்கும் அலுத்துவிட்டது. ஒருத்திக்கு வலிக்கிறது என்பதைச் சொல்ல நரம்பையும் ரத்தத்தையும் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

மேலாளர் அவர்களே, இதுவரை படித்தது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். மேசைக்கு எதிரே ஒருத்தி நிற்கிறாள் இல்லையா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உட்காரச் சொல்வீர்களா என்று பார்த்தபடி? படத்தில் வராதது இப்போது அந்த முகத்தில் வந்துகொண்டிருக்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அந்த டியூப் லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். சுவிட்ச் உங்கள் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதாம்.