வேட்பாளர் கருத்துச் சொன்ன அன்று

"எங்க எசமானியம்மா மட்டும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசட்டும், பின்தெருக் கொழாயில தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டும்" என்றாள் சமையற்காரி, பாத்திரத்தை நங்கென்று வைத்து.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் அலமாரி டம்ளர்கள் எல்லாம் ஒரு சுற்று ஆடி நின்றன. "அவளா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அவ வாயத் தொறந்தது கொட்டாவிக்குத்தான். அதையும் கையால மூடிக்குவா."

சிரித்ததில் தப்பில்லை. பின்தெருக் குழாய் காய்ந்து கிடந்த கிடப்பில், உள்ளே குடிபோன சிலந்தி பேரன் பேத்தி எடுத்துவிட்டது. இந்த வீட்டு மருமகளின் வாய் அதற்கும் மூத்த வறட்சி. அப்பேர்ப்பட்டவள்தான் சட்டசபைத் தேர்தலுக்கு வேட்பாளர்.

அவள் வீட்டுக்காரரை ஊரே 'முன்னாள்' என்றுதான் சொல்லும். முன்னாள் உறுப்பினர். இந்தத் தடவை அவர் நிற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நிற்பது அவள். ஜெயித்தால் அதிகாரம் பண்ணப் போவது அவர். இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, அக்கம்பக்கத் தொகுதிகளிலும் அதுதான் வழக்கம். சுவரொட்டியில் அவர் முகம் வாசற்கதவு அகலம். அவள் முகம் தீப்பெட்டி அளவு. அதிலும் மோவாயைச் சின்னம் மறைத்துவிட்டது.

அன்றைக்குக் கூடத்தில் பேட்டி. வாசலில் ஓயாமல் தண்ணீர் துப்பும் கல் மீன் நீரூற்றைத் தாண்டி, பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கட்சிக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். வேட்பாளர், சொல்லிக்கொடுத்தபடி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரே வாக்கில் உட்கார்ந்ததில் இடது கால் மரத்துப்போயிருந்தது. காலுக்கு அது இன்றைக்குத்தான். மற்றதெல்லாம் எப்போதோ மரத்துப்போனது. பேச்சு அவள் காதில் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், உள்ளூர் ஆஸ்பத்திரி பத்தி உங்க கருத்து?"

"என்னோட கருத்து என்னன்னா..." என்று ஆரம்பித்தார் முன்னாள்.

"சார், நான் வேட்பாளரக் கேட்டேன்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. அவ மனசுல நினைக்கிறது என் வாயில வரும். கொடுத்து வச்சவ, பேசுற சிரமம்கூட அவளுக்குக் கிடையாது."

கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அவர் பேசிய பேச்சில் ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிருப்பான். சாலைக்குப் பேசினார். பள்ளிக்கூடத்துக்குப் பேசினார். அவள் பெயரை ஒரு தடவை மறந்து, 'வேட்பாளர்' என்று சொல்லிச் சமாளித்தார்.

"பின்தெருவுக்கு ஏன் தண்ணி வர்றதில்ல?" என்று கேட்டாள் பத்திரிகைக்காரி.

"பழைய பைப்பும்மா, எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. நாங்க ஜெயிச்சு வந்ததும் தெருவையே தோண்டி புதுசு போடறோம். அதுவரைக்கும் அந்த ஜனங்களுக்குக் குடிக்க நாங்கதான் குடுக்குறோம். கேட்டுப் பாருங்க."

கொடுப்பது உண்மை. பின்தெருப் பெண்கள் தினமும் கொல்லைக் கதவுக்கு வெளியே குடத்தோடு நிற்பார்கள். உள்ளே வரக்கூடாது, குழாயைத் தொடக்கூடாது. சுவருக்கு மேலிருந்து ரப்பர் குழாயை நீட்டுவார்கள். அவர்கள் குடத்தைத் தூக்கி ஏந்த வேண்டும். பாதி முகத்தில் விழும். ஏந்திக்கொண்டே, "ஐயா நல்லா இருக்கணும்" என்பார்கள். அதே வாய் தேர்தலன்று ஓட்டாகும்.

"பைப்புல கோளாறு ஒண்ணும் இல்ல."

யார் பேசியது என்று கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மின்விசிறியைக்கூடப் பார்த்தார்.

"வால்வு நம்ம கொல்லையில இருக்கு" என்றாள் வேட்பாளர். குரலில் கோபமில்லை, நடுக்கமும் இல்லை. "துணி துவைக்கிற கல்லுக்கு அடியில. இவர் உறுப்பினரா இருந்தப்ப அந்தத் தெரு லைனை நம்ம கொல்லை வழியாப் போட்டாங்க. மூடி வச்சு நம்ம பக்கம் திருப்பியிருக்கு. வாசல்ல கல்லு மீன் துப்புதே, அது பின்தெருத் தண்ணி. இதான் என் கருத்து."

முன்னாள் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. "ரெண்டு நாளா அவளுக்குக் காய்ச்சல். எழுதிடாதீங்க. அவ ஒண்ணும் பேசல. ஏம்ப்பா, யாருக்காவது காதுல விழுந்துச்சா?"

ஒருவருக்கும் விழவில்லை. ஏழெட்டு ஆண்களுக்கு ஒரே நேரத்தில் காது போன அதிசயம் வேறெங்கும் நடந்திருக்காது.

அவள் எழுந்தாள். மரத்த காலை இழுத்துக்கொண்டு சமையலறை வழியாகக் கொல்லைக்குப் போனாள். சமையற்காரி ஒன்றும் கேட்காமல் கடப்பாரையை எடுத்துவந்தாள். இரண்டு பேருமாக நெம்பியதும் கல் புரண்டது. வால்வு இறுகிக் கிடந்தது. வேட்பாளர் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். தோல் உரிந்தது. வலித்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் கல் மீன் இரண்டு தடவை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பின்தெருவில் முதலில் காற்று சீறியது. சிலந்திக் குடும்பம் மொத்தமாக வெளியேறியது. அப்புறம் வந்தது பாருங்கள் தண்ணீர், இரண்டு குடம் உருண்டு தெருக்கோடியில் போய் நின்றது. பெண்களின் கூச்சல் கூடம் வரை கேட்டது.

முன்னாள் அதற்குள் சுதாரித்துவிட்டார். "குறிச்சுக்கோம்மா. ஜனங்க கஷ்டம் பொறுக்காம நான்தான் திறந்துவிடச் சொன்னேன். நான் சொல்லாம இந்த வீட்டுல எது நடக்கும்?"

"மேடம்தானே சொன்னாங்க?"

"அவளா? அவ பேசியே நாங்க கேட்டதில்ல. வேணும்னா எங்கக்காவக் கேளுங்க, அவளுக்கு ஆகாதவங்க, பொய் சொல்ல மாட்டாங்க. அக்கா, நான்தானே சொன்னேன்?"

சமையலறை நிலைப்படியில் நாத்தனார் நின்றிருந்தாள். புருஷன் செத்து, தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். இத்தனை காலத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கேட்டாலும் 'ஆமா' சொல்ல வைக்கத்தான் கேட்டார்கள். கொல்லைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். உரிந்த கையைத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள் வேட்பாளர்.

"நீ எங்கடா சொன்ன" என்றாள் நாத்தனார். "அவதான் சொன்னா. அவளே போய்த் தொறந்தா. நானும் நம்பல. ஆனா என் ரெண்டு காதாலயும் கேட்டேன், எழுதிக்கோம்மா."