நாலு பேர் பதக்கம்

அனுமந்தன்பட்டிக்கு வெளியே எங்கள் குடும்பத்தின் பெயர் தெரிந்தது என் பேத்தி பெனிட்டாவின் ஓட்டத்தால்தான். மாநிலம், தேசியம், வெளிநாடு என்று ஒன்பது வருடம் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடினாள். குச்சி கைக்கு வந்துவிட்டால், முன்னால் போகிறவளைப் பிடிக்காமல் விடமாட்டாள். அதனால் ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. போன வருடம் தேசியப் போட்டியில் அவர்கள் அணி தங்கம் வாங்கியதும் மாதா கோவில் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். என் படமும் அதில் இருந்தது.

பிறகு, அவள் ஊக்கமருந்து ஊசி போட்டிருந்தது பரிசோதனையில் தெரிந்தது.

"கால் முந்தி மாதிரி வரல தாத்தா. சின்னப் பிள்ளைக எடத்தப் பிடிச்சிரும்னு பயம். தெரிஞ்சுதான் போட்டேன்" என்றாள்.

தொடர் ஓட்டத்தில் ஒருத்தி தப்புச் செய்தால் நாலு பேர் பதக்கமும் போய்விடும். போய்விட்டது. ஃப்ளெக்ஸை நானே கழற்றினேன். ஞாயிறு பூசையில் முன்வரிசையில் நிற்பதை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மயிலாடும்பாறையிலிருந்து சங்கிலியம்மாள் வந்தாள். அவள் மகள் பவுனு, அதே அணியில் பெனிட்டாவின் கையில் குச்சி கொடுக்கிறவள்.

"நாலு பேருமே ஊசி போட்டாளுகன்னு ஒங்க வீட்ல சொன்னீகளாம்ல அய்யா? பவுனுக்குப் பரிசம் போடுறதா இருந்துச்சு. ஊசி போட்டவளுக்குப் பிள்ள பெறக்குமான்னு மாப்பிள்ளை வீட்ல கேக்குறாக."

"எங்க வீட்ல பொய் பேசுற ஆள் கிடையாது. அங்கன எவனாச்சும் கட்டிவிட்டிருப்பான்" என்றேன்.

"பால் சொசைட்டில வச்சு ஒங்க மகன் சொன்னாராம். கேட்டுப் பாருங்க."

என் மகன் ஆண்டனி ராஜ் சுவரைப் பார்த்தான்.

"ஏலே, சொன்னியா?"

"எல்லாரும் நம்ம பிள்ளைய மட்டுமே பேசுனாகப்பா. வாய்ல வந்துருச்சு."

நான் சொன்னதையே சங்கிலியம்மாள் என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எழுபத்தாறு வயதில் முதல்முறையாக என் வீட்டிலேயே எனக்கு நிற்க இடமில்லாமல் போனது.

மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு மயிலாடும்பாறைக்குப் பஸ் ஏறினேன். முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால், அதே ஊரிலிருந்த மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். சங்கிலியம்மாளும் பவுனும் ஓரமாக நின்றார்கள். மகன் "தெரியாம..." என்று இழுத்தான். அவனை நிறுத்தினேன்.

"ஊசி போட்டது எம் பேத்தி ஒருத்திதான். பவுனு போடல. எம் மகன் சொன்னது பொய்."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "அன்னைக்குப் பேத்தியக் காப்பாத்த ஊரான் பிள்ளைய இழுத்தீக. இன்னைக்குப் பேத்தியவே கைகழுவுறீகளாக்கும்?"

"கைகழுவலய்யா. அவ எம் பேத்திதான். தப்பு செஞ்சவளும் அவதான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பேசிட்டுச் சொல்றோம்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பவுனு பின்னாலேயே வந்தாள்.

"தாத்தா, அவ என் போன எடுக்கவே மாட்டேங்குறா. நல்லா திட்டி வஞ்சுபுடணும்னு நானும் தெனம் போன் அடிக்கிறேன். எடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் ஆத்தா."

"வையத்தான் கூப்புடுறேன்னே சொல்லுங்க. அப்பத்தான் எடுப்பா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.