மூன்று எழுத்தும் மூன்று கிட்னியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம். எங்கள் எதிர் வீட்டு லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் போகாத விரல்களால், கடையில் கேக் சுடும் ரோஸ் நிறக் காகிதக் கப்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை பேருக்கு?" என்றார் கடைக்காரர். "ரெண்டு பேருக்கு." நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

கதைக்குள் அவரை 'அவன்' என்று எழுதப்போகிறேன். நேரில் அந்தத் தைரியம் கிடையாது.

2

காதல் என்பது அடுப்பில் வைத்த

(வேண்டாம். எதை வைத்தாலும் கருகும்.)

வெண்ணெய் உருகியது, அவன் மனமும்

(இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.)

நேராகவே சொல்லிவிடலாம். அவன் மனைவி பிசியோதெரபிஸ்ட். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் முட்டி டாக்டர். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளைத் துறைக்கே தலைவியாகக் கூப்பிட்டிருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு. திங்கள் காலை பதில் சொல்லியாக வேண்டும். இன்று ஞாயிறு. கொஞ்ச நாளாகவே அவள் அவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: "நீ என்ன சொல்றே?" அவனும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்கிறான்: "உன் இஷ்டம்."

அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவி. அவள் காதில் அது 'நீ இருந்தா என்ன, போனா என்ன' என்று விழுகிறது. இன்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவை உன் இஷ்டம்னு சொல்லு, நான் பெட்டியைக் கட்டிடறேன். அப்புறம் உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று நயமாகப் பேசி அழுகையை நிறுத்துகிறவன் அவன். வீட்டில் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். அவள் போகக் கூடாது என்பதுதான் அவன் ஆசை. அதைச் சொன்னால் அவள் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறவன் ஆகிவிடுவோமோ என்று பயம். வாயால் வராதது கையால் வருமா என்று பார்க்க, கேக் சுடலாம் என்று முடிவெடுத்தான்.*

(* "ஆம்பளை கேக் சுட்டா அது ஒரு கதை. பொம்பளை சுட்டா அது டிபன்," என்றாள் என் மனைவி, இதுவரை படித்துவிட்டு. அவள்தான் என் முதல் வாசகி. பல கதைகளுக்குக் கடைசி வாசகியும் அவளேதான்.)

3

போனில் பார்த்த செய்முறை பன்னிரண்டு கப் கேக்குக்கு. அவனுக்கு ஆறு போதும். மாவைப் பாதியாக்கினான், சர்க்கரையைப் பாதியாக்கினான். மூன்று முட்டையைப் பாதியாக்கும்போது கை நின்றுவிட்டது.

(இங்கே தாம்பத்தியம் என்பது ஒரு முட்டையை இருவர் பங்குபோடுவது என்கிற பொருளில் ஒரு பத்தி இருந்தது. தூக்கிவிட்டேன். நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.)

இரண்டாவது முட்டையைக் கிண்ணத்தில் அடித்து, பாதியை ஊற்றினான். வெண்ணெயும் சர்க்கரையும் நுரைக்கும்வரை அடிக்கச் சொல்லியிருந்தது. அடிக்கும் மெஷின் இல்லை. மெக்கானிக் வீட்டில் மெஷினுக்கா பஞ்சம்? முட்டை அடிக்கும் கம்பியைச் சுவரில் துளைபோடும் டிரில்லில் மாட்டி ஸ்விட்சைப் போட்டான். வெண்ணெய் நுரைத்தது. பாத்திரத்தில் பாதி, சுவரில் பாதி.

கேக்குகள் ஒருவழியாக உப்பி வந்தன, ஒன்று மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து. ஆறியதும், காலி பால் பாக்கெட்டில் சிவப்பு கிரீமை நிரப்பி மூலையைக் கத்தரித்தான். கேக்குக்கு ஓர் எழுத்து. போ. கா. தே. மீதி மூன்றில் இதயம் போட்டான். அவன் கைக்கு அவை கிட்னியாகத்தான் வந்தன. மனைவி ஆஸ்பத்திரிக்காரி, புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டான்.

வரிசையாக வைத்து, தள்ளி நின்று பார்த்தான். போகாதே. கண் கலங்கிவிட்டது. சத்தியமாக அந்த வார்த்தையை அவன் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை.

4

இப்படியே விட்டால் காதல் கதை ஆகிவிடும். அதனால் மச்சினனை அனுப்புகிறேன்.

மச்சினன் அவளுடைய தம்பி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவன். ஞாயிற்றுக்கிழமை சும்மா வருவான், சாப்பிடுவான், போவான். இன்றும் அப்படித்தான் வந்தான். அவன் வந்த நேரம், மெக்கானிக் ஸ்டூலில் ஏறி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டிய வெண்ணெயைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

திரும்பிப் பார்த்தான். மச்சினன் விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், எதைடா எடுத்தே?"

"ஓரத்துல இருந்ததை. அப்புறம் அதுக்குப் பக்கத்துல இருந்ததை."

மேஜைமேல் மீதி இருந்தது ஒரே ஓர் எழுத்து. போ. அதைச் சுற்றி மூன்று கிட்னி.

(இங்கே நான் சிரித்தேன். எழுதுகிறவன் சிரிக்கக் கூடாது என்பார்கள். அவர்கள் முகத்தை நினைத்து இன்னொரு தடவை சிரித்தேன்.)

விஷயம் தெரிந்ததும் மச்சினன் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு, தின்ற வீட்டுக்கு விசுவாசமாக, யோசனை சொன்னான்.

"கிட்னியை வழிச்சிடுங்க. கா, தே திரும்ப எழுதிடலாம். ஆனா மாமா, போகாதேன்னா அக்கா நிஜமாவே போகாது. அப்புறம் ஆயுசுக்கும் உங்களைச் சும்மா விடாது. போயிட்டு வான்னு எழுதுங்களேன்."

"அது அஞ்சு எழுத்துடா. நாலு கேக்தான் இருக்கு."

"ட்டு ஒரே கேக்குல அடங்கும். நெருக்கிப் போட்டாப் போதும்."

எண்ணிப் பார்த்தான். போ, யி, ட்டு, வா. சரியாக நாலு. எந்தப் பக்கம் போனாலும் முதல் எழுத்து ஒன்றுதான். கிட்னிகளை வழித்தாயிற்று. பால் பாக்கெட் கையில் இருந்தது. அப்போது கீழே லிஃப்ட் ஒரு தரம் முக்கி நின்று, பிறகு கிளம்பும் சத்தம் கேட்டது. ஆளைப் பார்க்காமலே யார் ஏறியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான் அவன். அவள்தான். கதவை முழுசாக மூடாமலே பட்டனை அழுத்துகிறவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்தி.

5

என் திட்டப்படி கதை இங்கே முடிகிறது. 'அவன் கிரீமை எடுத்தான். அடுத்த எழுத்து கா-வா, யி-யா? வாசகரே, முடிவு உங்கள் கையில்.' எழுதிவிட்டுப் பேனாவைக்கூட மூடிவிட்டேன்.

"அப்ப நீயும் உன் இஷ்டம்னுதான் சொல்றே," என்றாள் என் மனைவி.

திறந்தேன்.

5 (மறுபடியும்)

அவள் உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள், டிரில்லைப் பார்த்தாள், தம்பியின் மீசையில் இருந்த கிரீமைப் பார்த்தாள். கடைசியில் மேஜையைப் பார்த்தாள்.

"போன்னு எழுதியிருக்கே."

"இன்னும் முடியல."

"முடிச்சா என்ன வரும்?"

"உன்" வரைக்கும் வந்துவிட்டான். மச்சினன் காலை மிதித்தான். நான் இங்கே நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

"உன்னைப் போகாதேன்னுதான் எழுதுனேன்," என்றான் அவன். "இவன் தின்னுட்டான். நீ இல்லாத வீட்டுக்கு வர எனக்கு மனசே இல்ல. அது ஒண்ணு. என்னால நீ போகாம நின்னுட்டேன்னு வெச்சுக்கோ, அப்புறம் நீ என்னைப் பாக்குற பார்வையை என்னால தாங்க முடியாது. அது ரெண்டு. ரெண்டும் நிஜம். எதை எழுதறதுன்னுதான் தெரியல."

அவள் கைப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"இதைச் சொல்ல இவ்ளோ நாளா உனக்கு?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. 'போ' இருந்த கேக்கை எடுத்து, காகிதத்தை உரித்து, ஒரே வாயில் பாதியைக் கடித்தாள்.

"சரி," என்றான் அவன், வாழ்க்கையிலேயே முதல்முறையாக. "நீ என்ன சொல்றே?"

அவள் சொன்னாள். வாய் நிறைய கேக். "போ" என்று தொடங்கியது. மீதியைக் கேக் விழுங்கிவிட்டது.

எழுதுகிறவனுக்கே கேட்கவில்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். எனக்கு 'போகல' என்று கேட்டது. தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த என் மனைவி, "போறேன்னுதான் சொன்னா, தெளிவா கேக்குது," என்றாள். சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். இப்போதும் நிற்கிறாள்.

உங்களுக்கு எப்படிக் கேட்டது? மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டாம். வாய்விட்டு, பக்கத்தில் இருக்கிறவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.