ஒத்துப்போன கட்டுரைகள்

பல்கலைக்கழகத்தில் அவள் வேலை பார்க்கும் துறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். எதிலும் ஓட்டை தேடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பூமியைக் கெடுக்காமல் வாழப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று உலகம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, இந்தத் துறை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது அவள் வேலை. ஒவ்வொன்றையும் ஒரு வகையில் போட வேண்டும்: பாடத்திட்டமா, ஆசிரியர் பயிற்சியா, பள்ளித் தோட்டமா, நாளைய உலகை நினைத்துப் பிள்ளைகள் படும் பயமா. இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். ஒருத்தர் தன் கோப்பில் போட்டதை இன்னொருத்தர் பார்க்கவே கூடாது. இருவர் முடிவும் ஒத்துப்போனால்தான் அந்த ஆய்வை நாலு பேர் நம்புவார்கள்.

இரண்டாவது ஆள் அவள் கணவனின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சிட்டு. ஆரம்பத்தில் இருவரும் ஏட்டிக்குப் போட்டியாகத்தான் வகை பிரித்தார்கள். இப்படியே போனால் பூதக்கண்ணாடியை மாற்ற வேண்டிவரும், வேலை நிரந்தரமாவதும் கஷ்டம் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பார்த்தால் அப்படி ஒரு ஒற்றுமை! கட்டின கணவனோடுகூட அவளுக்கு அவ்வளவு ஒத்துப்போனதில்லை.

பள்ளித் தோட்டத்தை விட்டுவிட்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் பயத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்பது அவர்களுடைய பெரிய முடிவு. அதைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பப்போகும் தலைவருக்கு வாயெல்லாம் பல். பூதக்கண்ணாடிக்கோ அந்த ஒற்றுமையே ஓட்டையாகத் தெரிந்தது. சிட்டு இவள் கோப்பைப் பார்த்துக் காப்பியடிக்கிறாள், வேறென்ன? சாப்பாட்டு நேரத்தில் அவள் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

கேட்டால் வீட்டில் பூகம்பம் வெடிக்கும். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் சரி என்று முடிவு செய்தாள். ஐந்தாறு கட்டுரைகளை வேண்டுமென்றே தப்பான வகையில் போட்டாள். பள்ளிச் சமையலறைக் குப்பையை உரமாக்கித் தோட்டத்தில் போடுவது பற்றிய கட்டுரையை ஆசிரியர் பயிற்சியில் தள்ளினாள். கட்டுரையைப் படித்தவள் யாரும் அங்கே போட மாட்டாள். காப்பியடிக்கிறவள் மட்டும்தான் போடுவாள்.

மறுநாள் இரண்டு கோப்புகளையும் கணினியில் ஒப்பிட்டாள். பொறி வைத்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போயிருந்தார்கள். சிக்கினாயா சிறுக்கி என்று மனசுக்குள் குதித்தாள். நிரூபிக்கத் தன் கோப்பைத் திறந்தாள்.

குப்பைக் கட்டுரை பள்ளித் தோட்டத்தில் இருந்தது. அவள் போட்ட தப்பு ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாம் சமத்தாகச் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தன.

யாரோ உள்ளே புகுந்து திருத்தியிருக்கிறார்கள். அந்தக் கோப்பின் கடவுச்சொல் அவள் கணவன் பிறந்த தேதி. கூடப்பிறந்த தங்கைக்குத் தெரியாமலா இருக்கும்?

சிட்டுவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் மறுக்கக்கூட இல்லை. தலைவர் அண்ணியைத் தூக்கிவிடுவார் என்று பயந்து, இருவரும் வேறுபட்ட இடங்களில் அண்ணியின் கோப்பைத் திறந்து, அண்ணியின் பதிலை அழித்துத் தன் பதிலைப் போட்டு வந்ததாகச் சொன்னாள்.

"எத்தனை மாத்துன?"

"எண்ணிப் பாக்கல அண்ணி. நீங்க தப்பாப் போட்டத மட்டும்தான்."

தப்பாம் தப்பு! அதை முடிவு பண்ண இவள் யார் என்று ஆத்திரம் பொங்கியது. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், இத்தனை நாளும் தன் கோப்பைப் புரட்டி, 'என் கண்ணுக்குத் தப்புமா' என்று தானே மெச்சிக்கொண்டது. மாற்றியது எது, மாற்றாதது எது என்று அந்தக் கணினியிலும் தடயம் இல்லை.

"பிள்ளைங்க பயம்ங்கற வகையில இருக்கற கட்டுரையெல்லாம் யாரு போட்டது?"

"அதெல்லாம் நீங்க போட்டதுதான் அண்ணி."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. பூதக்கண்ணாடி அவள் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவும் இருக்கலாம், ஆறுதலாகவும் இருக்கலாம். இனி அவள் எதைச் சொன்னாலும் அப்படித்தான்.

தலைவரின் எண்ணை அழுத்தினாள். சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி, வேலை போயிடும். உங்களுக்காகத்தானே செஞ்சேன்."

தலைவர் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தார். அவரை முடிக்க விடவில்லை.

"சார், நம்ம கட்டுரைய ஆய்விதழுக்கு அனுப்பாதீங்க. அதுல எது என் முடிவுன்னு எனக்கே தெரியல."