மூன்றாம் ஓலையும் ஒரு போலி மெயிலும்

உலகத்தில் மற்ற மாப்பிள்ளைகள் நிச்சயதார்த்தம் முடிந்ததும் புடவையோ பூவோ வாங்கித் தருவார்கள். ஜெரோஷ், ஆஷாவின் லேப்டாப்புக்கு வைரஸ் தடுப்பு வாங்கிப் போட்டுக் கொடுத்தான். மகர்பட்டாவில் ஐ.டி. வேலை, அவனுக்குத் தெரிந்த காதல் அது. ஆஷாவுக்கு அதுவே பிடித்துப்போயிற்று.

அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம், தாபோடியில் தன் வீட்டில் உட்கார்ந்து கல்யாண ஆராதனைக்கான பாட்டுத்தாளை லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தபோது வந்த மெயில் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. 'உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சந்தா புதுப்பிக்கப்பட்டது. முப்பத்தைந்தாயிரம் ரூபாய் இன்று எடுக்கப்படும். வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.'

ஜெரோஷின் கார்டிலிருந்துதானே போகும்! கல்யாணச் செலவில் ஏற்கெனவே விழி பிதுங்கி நிற்கிறான். கேட்டால் 'இருக்கட்டும்' என்று பெருந்தன்மை காட்டுவான். சத்தமில்லாமல் நாமே நிறுத்திவிடலாம் என்று அழைத்தாள்.

எடுத்தவன் இந்தியில் தேனாகப் பேசினான். அவன் சொன்ன ஆப்பை இறக்கினாள். அவள் திரை அவன் கைக்குப் போயிற்று. ரத்து செய்ய ஐயாயிரம் கட்டணம், பிறகு எல்லாம் சேர்த்துத் திரும்பி வரும் என்றான். கட்டினாள்.

"இப்ப உங்க பேங்க் கணக்கைத் திறங்க மேடம். ஒரு விஷயம், பணம் வர்ற வரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஆஷா ஆறாம் வகுப்பு டீச்சர். 'மிஸ்கிட்ட சொல்லாதே' என்று எவன் சொல்கிறானோ அவன்தான் ஜன்னலை உடைத்தவன் என்பது அவளுக்கு மனப்பாடம். ஓடிப்போய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

தன் கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணில் பேங்கைப் பிடித்தாள்; இணைய மோசடிக்கான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தாள்; அப்பாவின் போனிலிருந்து பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினாள். சாயங்காலமே பதில் வந்தது. போன பணத்தை திருடனின் கணக்கிலேயே முடக்கிவிட்டார்கள். திரும்பக் கொஞ்ச நாளாகும்.

பணம் வரும். மானம்? மறுநாள் கோயிலில் அவர்களுடைய கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாவதும் கடைசியுமான தடவையாக வாசிக்கப்போகிறார்கள். 'இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்வார் உண்டா' என்று போதகர் கேட்பார். கம்ப்யூட்டர்க்காரனைக் கட்டப்போகிறவள் கம்ப்யூட்டரையே திருடனிடம் கொடுத்தாள் என்று தெரிந்தால், ஜெரோஷின் அம்மா மில்ட்ரெட் என்ன நினைப்பார்? கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், சிரிப்பதற்கே யோசிப்பவர். பேசாமல் மறைத்துவிட்டால் என்ன?

மறைத்தால், அந்தத் திருடனின் சொல்லைக் கேட்டதாகிவிடுமே!

மறுநாள் கோயில் வாசலில் ஜெரோஷிடம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். "தடை சொல்றதா இருந்தா உள்ள போய்ச் சொல்லுங்க" என்று முடித்தாள்.

"அந்த மெயில்ல என்ன கம்பெனி பேரு?"

சொன்னாள்.

"நான் வாங்கிக் குடுத்தது வேற கம்பெனி. கார்டுல தானா பணம் எடுக்கிற மாதிரி நான் போடவும் இல்லை. வருங்காலப் புருஷன் குடுத்த முதல் பரிசு, அதோட பேரைக்கூடப் பார்க்கலையா நீ?"

"பூ வாங்கிக் குடுத்திருந்தா இந்த வம்பே இல்லை. பூவுக்குச் சந்தா கிடையாது!"

ஜெரோஷ் சிரித்துவிட்டான். அப்புறம் குரல் இறங்கியது. "என் காசைக் காப்பாத்தவா உன் காசை விட்டே? சாயங்காலம் வர்றேன். லேப்டாப்பைச் சுத்தமாத் துடைச்சுப் புதுசா ஏத்திடுறேன். பாட்டுத்தாளைச் சேர்ந்து அடிக்கலாம்."

"உங்களுக்குத் தமிழே படிக்க வராதே!"

"நீ அடி. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. அறிவிப்பு நேரம் வந்ததும் ஆஷா எழுந்து மைக்குக்குப் போனாள்.

"மெயில்ல வர்ற எண்ணுக்குப் போன் போடாதீங்க. சந்தா நிஜமான்னு அந்தக் கம்பெனி ஆப்லயே பாருங்க. உங்க ஸ்கிரீனை யாருக்கும் திறந்து விடாதீங்க. மாட்டிக்கிட்டா உடனே பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்க. நான் நேத்து மாட்டினேன்."

இரண்டாவது வரிசையில் மில்ட்ரெட் எழுந்தார்.

"ஏலே ஜெரோஷு, எனக்கும் அந்த மெயில் வந்திருக்குல்லா! நீ எனக்கும் வாங்கிப் போட்டதுக்குன்னு நெனச்சு, ஆராதனை முடிஞ்சதும் போன் போடணும்னு இருந்தேன்."

"அம்மா! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"செலவுல கெடக்க பிள்ளைட்ட எதுக்குச் சொல்லணும்? ஒங்காசு வீணாப் போகக்கூடாதுன்னுதாம்ல."

கோயிலே குலுங்கிச் சிரித்தது. "ரெண்டு பேரும் என் காசைக் காப்பாத்தியே என்னைத் தெருவுல விடப்போறீங்க" என்று ஜெரோஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மில்ட்ரெட் ஆஷாவிடம் வந்து காணிக்கைக் கவரை நீட்டினார். அதன் பின்பக்கம் அவர் குறித்துவைத்திருந்த அந்தத் திருட்டு எண்.

"நீயே கிழிச்சுப் போடு, மருமவளே."

அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆஷா கண் கலங்கக் கவரை வாங்கினாள்.

"பாத்துக் கிழி," என்றார் மில்ட்ரெட், வாய்விட்டுச் சிரித்தபடி. "உள்ள காணிக்கை இருக்கு."